ஸ்விஃப்ட் காருக்குள் ஒரு ஃபியட்

மாருதி ஸ்விஃப்ட் டீசல் காரின் ஆர்.சி. புத்தகத்தில் எஞ்சின் எண் 'டி13ஏ' என்று தொடங்கும். 1248 சி.சி. கொள்ளளவு கொண்ட எஞ்சின் அது. அதே ஆண்டுகளில் விற்பனையில் இருந்த டாடா இண்டிகா விஸ்டாவின் டீசல் எஞ்சினும் 1248 சி.சி.தான். ஃபியட் புன்ட்டோ, ஃபியட் லீனியா, செவ்ரலே செயில் ஆகியவற்றின் டீசல் வகைகளிலும் அதே எண் வருகிறது. இது தற்செயல் அல்ல. ஷோரூமில் ஒன்றையொன்று முந்தப் பார்த்த நான்கு நிறுவனங்களின் கார்களில் ஓடியது ஒரே வடிவமைப்பில் பிறந்த எஞ்சின். சுசூகி அதை டி.டி.ஐ.எஸ். என்றது. டாடாவுக்கு அது குவாட்ராஜெட், செவ்ரலேவுக்கு ஸ்மார்ட்டெக். அதைப் பெற்றெடுத்த ஃபியட் வைத்த பெயர் மல்ட்டிஜெட். வாகனப் பத்திரிகைகள் அதற்கு 'இந்தியாவின் தேசிய எஞ்சின்' என்று பட்டமே சூட்டின.

ஒரு காரின் எஞ்சின் எங்கே தயாராகிறது என்று கேட்கும்போது, அந்த நிறுவனத்தின் சொந்த நாட்டைத்தான் பலரும் பதிலாக எதிர்பார்க்கிறார்கள். ஜெர்மன் காருக்கு ஜெர்மனி, ஜப்பான் காருக்கு ஜப்பான். கார் வாங்குகிறவர் கொடுக்கும் விலையில் இந்த நம்பிக்கைக்கும் ஒரு பங்கு உண்டு. மல்ட்டிஜெட் எஞ்சின் போன வழியைப் பின்தொடர்ந்தால் கிடைக்கும் பதில் வேறு. எஞ்சின் தொழிற்சாலை எந்த ஊருக்கு வரும் என்பதை முடிவுசெய்தவை மூன்று விஷயங்கள்: ஆண்டுக்கு எத்தனை லட்சம் எஞ்சின்கள் தேவை, வரிச் சட்டம் எங்கே கோடு போடுகிறது, யார் யாரோடு கூட்டு வைத்திருக்கிறார்கள். பிராண்டின் பூர்வீகத்துக்கு இவற்றுக்கெல்லாம் பிறகுதான் இடம்.

பழைய டீசல் எஞ்சின்களில் எரிபொருளைப் பீய்ச்சும் அழுத்தம், எஞ்சின் சுற்றும் வேகத்தைப் பொறுத்தே இருந்தது. மெதுவாக ஓடும்போது அழுத்தம் குறையும். புகையும் இரைச்சலும் கூடும். காமன் ரெயில் முறை இந்தக் கட்டை அவிழ்த்தது. அதில் பம்ப் உயர் அழுத்தத்தில் டீசலை ஒரு பொதுக் குழாயில் நிரப்பி வைக்கும். இன்ஜெக்டர் எப்போது திறக்க வேண்டும், எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும் என்பதை மின்னணுக் கட்டுப்பாடு முடிவுசெய்யும். பயணிகள் கார்களுக்கு ஏற்றபடி இதை வளர்த்தெடுத்த வேலையில் பெரும்பகுதி, தென் இத்தாலியின் பாரி நகரை ஒட்டிய ஃபியட் குழும ஆய்வுக்கூடத்தில் மரியோ ரிக்கோ என்ற பொறியாளரின் தலைமையில் நடந்தது. ஆனால் ஃபியட்டுக்கு அது பணமுடை மிகுந்த காலம். பெருமளவில் உற்பத்தி செய்யும் நிலைக்கு அந்தத் தொழில்நுட்பத்தைக் கொண்டுபோக வழியில்லாமல், 1994-ல் அதை ஜெர்மனியின் பாஷ் நிறுவனத்துக்கு விற்றுவிட்டது. 1997-ல் வந்த ஆல்ஃபா ரோமியோ 156 தான் காமன் ரெயில் டீசலோடு விற்பனைக்கு வந்த முதல் பயணிகள் கார். அது இத்தாலியக் கார் என்றாலும், அதற்குப் பிறகு உலகெங்கும் விற்ற காமன் ரெயில் கருவிகளின் வருமானத்தில் பெரும்பங்கு பாஷுக்குப் போனது. ஐரோப்பிய வாகனத் தொழில் செய்த விற்பனைகளில் இவ்வளவு வருத்தம் தரும் விற்பனை வேறொன்று இருக்குமா என்பது சந்தேகமே.

ஃபியட் பொறியாளர்கள் அத்துடன் ஓய்ந்துவிடவில்லை. முதல் தலைமுறைக் காமன் ரெயில் எஞ்சின்களில் ஒவ்வொரு எரிப்புக்கும் இரண்டு முறை டீசல் பீய்ச்சப்பட்டது: முதலில் சிறிதளவு, பிறகு முழு அளவு. அதை ஐந்து முறை வரை பிரித்துப் பீய்ச்சும் வழியை அவர்கள் உருவாக்கினார்கள். எரிப்பு சீரானது. டீசல் கார் என்றாலே காதில் விழும் 'டக டக' ஒலி தணிந்தது. 2003-ல் இந்த முறையோடு வெளிவந்த முதல் எஞ்சின்தான் 1.3 மல்ட்டிஜெட். சிலிண்டரின் விட்டம் 69.6 மி.மீ., பிஸ்டன் பயணிக்கும் தூரம் 82 மி.மீ., எடை சுமார் 130 கிலோ, நீளம் அரை மீட்டருக்கும் குறைவு. நான்கு சிலிண்டர், 16 வால்வு, டர்போ எல்லாவற்றையும் அந்தச் சிறிய இடத்துக்குள் அடக்கி, சுமார் 70 குதிரைத்திறன் எடுத்தார்கள். 2005-ல் 1 லிட்டர் முதல் 1.4 லிட்டர் வரையிலான பிரிவில் உலகின் சிறந்த எஞ்சினுக்கான விருது இதற்குக் கிடைத்தது.

வடிவமைத்தது இத்தாலி. செய்தது போலந்து.

போலந்தின் தெற்கு மூலையில், மலைகளை ஒட்டிய பியெல்ஸ்கோ-பியாவா நகரத்துக்கும் ஃபியட்டுக்கும் பழைய உறவு உண்டு. கம்யூனிச ஆட்சிக் காலத்தில், 1973 முதல், ஃபியட்டின் உரிமம் பெற்று 126 என்ற சின்னஞ்சிறு காரை அங்கிருந்த அரசுத் தொழிற்சாலை தயாரித்தது. போலந்தின் ஒரு தலைமுறைக் குடும்பங்களுக்கு அதுதான் முதல் கார். ஆட்சி மாறியபின் 1992-ல் அந்த நிறுவனத்தை ஃபியட் வாங்கியது. 2000-ல் ஃபியட்டும் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸும் கூட்டு சேர்ந்து, எஞ்சின், கியர்பாக்ஸ் வேலைகளை ஒரு பொது நிறுவனத்தில் போட்டபோது, புதிய சிறிய டீசலுக்கு இந்த ஊர் தேர்வானது. அங்கே இரண்டு தலைமுறையாக உலோகத்தோடு பழகிய கைகள் இருந்தன. கூலி மேற்கு ஐரோப்பாவைவிடக் குறைவு. ஓப்பல், ஃபியட் இரண்டின் போலந்து கார் ஆலைகளும் பக்கத்திலேயே இருந்தன.

சுசூகி இந்தக் கதைக்குள் வந்தது ஜெனரல் மோட்டார்ஸ் வழியாக. அப்போது சுசூகியில் ஜெனரல் மோட்டார்ஸுக்கு 20 சதவீதப் பங்கு இருந்தது. சிறிய பெட்ரோல் எஞ்சின்களில் கைதேர்ந்த சுசூகியிடம் காருக்கேற்ற நல்ல சிறிய டீசல் இல்லை. இந்தியாவில்கூட 1990களின் இறுதியில் ஜென், எஸ்டீம் கார்களின் டீசல் வகைகளுக்கு பிரான்சின் பெஜோ எஞ்சினைத்தான் மாருதி நம்பியிருந்தது. எனவே ஹங்கேரியில் தயாரான சுசூகி இக்னிஸுக்குள் போலந்தில் செய்த இத்தாலிய எஞ்சின் ஏறியது. 2005 பிப்ரவரியில் ஃபியட்–ஜெனரல் மோட்டார்ஸ் கூட்டு முறிந்தது. ஃபியட்டின் கார் பிரிவை முழுவதுமாக வாங்கியாக வேண்டும் என்ற ஒப்பந்தக் கடப்பாட்டிலிருந்து விடுபடுவதற்காக ஜெனரல் மோட்டார்ஸ் 200 கோடி டாலர் கொடுத்தது. கூட்டு போன பிறகும் இரண்டு தரப்பும் அதே எஞ்சினைத் தொடர்ந்து பயன்படுத்தின. பிறகு ஃபோர்டும் தன் 'கா' காருக்காக வந்து சேர்ந்துகொண்டது.

இவ்வளவு போட்டியாளர்கள் ஏன் ஒரே எஞ்சினைச் சுற்றி நிற்க வேண்டும்? எஞ்சின் தொழிற்சாலைக்குள் என்ன நடக்கிறது என்பதில் இதற்கு விடை இருக்கிறது.

எஞ்சின் தயாரிக்கும் நிறுவனம் அதன் எல்லாப் பாகங்களையும் தானே செய்வதில்லை. இன்ஜெக்டரும் பம்பும் பாஷ் போன்றவர்களிடமிருந்து வரும். டர்போ, பிஸ்டன், பேரிங் எல்லாவற்றுக்கும் தனித்தனி நிபுணர்கள் உண்டு. பெரும்பாலான எஞ்சின் தொழிற்சாலைகள் தங்கள் கைக்குள் வைத்துக்கொள்ள விரும்புபவை ஐந்து: சிலிண்டர் பிளாக், சிலிண்டர் ஹெட், கிராங்க்ஷாஃப்ட், கேம்ஷாஃப்ட், கனெக்டிங் ராடு. இவையும் வார்ப்பாகவோ ஃபோர்ஜிங் ஆகவோ வேறொரு ஆலையிலிருந்து கரடுமுரடாக வந்து இறங்குவது உண்டு. அவற்றைக் கடைந்து, துளையிட்டு, மைக்ரான் கணக்கில் இழைத்து, பிறகு ஒன்றாகப் பூட்டிச் சோதிப்பதுதான் எஞ்சின் ஆலையின் உயிரான வேலை. சிலிண்டரின் உட்சுவரில் எண்ணெய் தங்குவதற்கென்றே நுண்ணிய குறுக்குக் கோடுகளைக் கீறும் ஹோனிங் வேலை ஒன்றே போதும், ஓர் ஆலையின் தரத்தைச் சொல்லிவிடும். அது சரியாக அமையாத எஞ்சின் எண்ணெய் குடிக்கும், புகை தள்ளும்.

இந்த எந்திர வரிசை ஒரு குறிப்பிட்ட எஞ்சின் குடும்பத்துக்கென்றே அமைக்கப்படுவது. அதைப் போட்டுவிட்டு ஆண்டுக்குச் சில ஆயிரம் எஞ்சின் செய்வது, கல்யாண மண்டபத்துக் கோட்டை அடுப்பைப் பற்றவைத்து நாலு பேருக்குச் சமைப்பது போல. போட்ட முதல் திரும்பவே லட்சக்கணக்கில் எஞ்சின் ஓட வேண்டும். காரின் உடலை, இருக்கையை, விளக்கை மாற்றி மாற்றித் தனித்தன்மை காட்டலாம். அதற்கு ஆகும் செலவு தாங்கக்கூடியது. ஒரு புதிய டீசல் எஞ்சினைத் தனியாக உருவாக்கிச் செய்வது சிறிய கார் விற்கும் எந்த நிறுவனத்துக்கும் எளிதல்ல. போட்டியாளர்களைச் சேர்த்துவைத்தது இந்தக் கணக்கு.

இந்தியாவுக்கு மல்ட்டிஜெட் வந்ததற்கு வரிச் சட்டமும் ஒரு காரணம். 2006 மத்திய பட்ஜெட்டில் சிறிய கார்களுக்கான உற்பத்தி வரி 24 சதவீதத்திலிருந்து 16 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. சிறிய கார் என்றால் என்ன என்பதற்கும் வரையறை வந்தது: நீளம் 4 மீட்டருக்குள் இருக்க வேண்டும், எஞ்சின், பெட்ரோல் என்றால் 1200 சி.சி.க்குள், டீசல் என்றால் 1500 சி.சி.க்குள் இருக்க வேண்டும். அன்றைய ஸ்விஃப்ட்டின் பெட்ரோல் எஞ்சின் 1298 சி.சி. அதற்குச் சலுகை இல்லை. அதே ஸ்விஃப்ட்டில் 1248 சி.சி. டீசலை வைத்தால் சலுகை உண்டு. 2007 ஜனவரியில் டீசல் ஸ்விஃப்ட் வந்தது. ஹரியாணாவின் மானேசரில் சுசூகி 70, மாருதி 30 என்ற பங்கில் தொடங்கிய சுசூகி பவர்ட்ரெயின் நிறுவனம், ஃபியட்டின் உரிமத்தோடு அதன் எஞ்சினைத் தயாரித்தது.

இரண்டாவது பிறந்த ஊர் மகாராஷ்டிரத்தின் ராஞ்சன்காவ். புணேயிலிருந்து அகமதுநகர் போகும் சாலையில், அஷ்டவிநாயகர் தலங்களில் ஒன்றான மகாகணபதி கோயில் இருக்கும் ஊர் அது. அங்கே ஃபியட்டும் டாடாவும் சரிபாதிப் பங்கில் கார்களையும் எஞ்சின்களையும் தயாரித்தன. 2008 ஆகஸ்டில் வந்த இண்டிகா விஸ்டாவின் குவாட்ராஜெட் இங்கே பிறந்தது. அதே புணே மாவட்டத்தின் தளேகாவில் ஜெனரல் மோட்டார்ஸ் தனி எஞ்சின் ஆலை திறந்தது. நான்கு சிலிண்டர் மல்ட்டிஜெட்டில் ஒரு சிலிண்டரைக் குறைத்து 936 சி.சி. மூன்று சிலிண்டர் எஞ்சினாக்கி, 2011-ல் செவ்ரலே பீட் டீசலில் பொருத்தியது.

எஞ்சின் எங்கே தயாராகிறது என்ற கேள்வி எவ்வளவு கனமானது என்பதை மாருதி அதே ஆண்டில் உணர்ந்தது. 2010 ஜூனில் பெட்ரோல் விலைக் கட்டுப்பாடு நீங்கியது. டீசல் மட்டும் மானியத்தில் தொடர்ந்தது. 2012-ல் இரண்டுக்கும் இடையே லிட்டருக்கு 20 ரூபாய்க்கு மேல் வித்தியாசம். எல்லோரும் டீசல் கார் கேட்டார்கள். ஸ்விஃப்ட், டிசையர் டீசலுக்கு மாதக்கணக்கில் காத்திருப்பு. கார்கூட்டைச் செய்ய முடிந்தது. உள்ளே வைக்க எஞ்சின் போதவில்லை. இதன் நடுவே 2011 அக்டோபரில், மானேசர் கார் ஆலையில் போராடிய தொழிலாளர்களுக்கு ஆதரவாக சுசூகி பவர்ட்ரெயின் தொழிலாளர்களும் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அதனால் தகராறே இல்லாத மாருதியின் குர்கான் ஆலையிலும் உற்பத்தி தடைபட்டது. தொழிலாளர்களின் பலம் எங்கே குவிந்திருக்கிறது என்பதை நிர்வாகமும் சங்கங்களும் அந்த வாரங்களில் கண்கூடாகப் பார்த்தன. 2012 ஜனவரியில் மாருதி ஒரு முடிவெடுத்தது: ஆண்டுக்கு 1 லட்சம் டீசல் எஞ்சின்களை ராஞ்சன்காவிலிருந்து வாங்குவது. அதாவது, தன் நேரடிப் போட்டியாளரான டாடாவுக்குப் பாதிப் பங்குள்ள ஆலையிலிருந்து.

அதன்பின் இரண்டு ஸ்விஃப்ட்கள் அடுத்தடுத்து நின்றால், ஒன்றின் எஞ்சின் மானேசரிலும் இன்னொன்றின் எஞ்சின் ராஞ்சன்காவிலும் பிறந்ததாக இருக்க வாய்ப்பு உண்டு. காரின் முகப்பில் அதைச் சொல்லும் அடையாளம் எதுவும் கிடையாது. ஓட்டும்போது உணர்ந்த வித்தியாசங்கள் வேறு இடத்திலிருந்து வந்தவை. டர்போ எப்படிப்பட்டது, கியர் விகிதம் என்ன, மின்னணுக் கட்டுப்பாட்டில் எழுதிய நிரல் என்ன, கார் எவ்வளவு எடை என்பதைப் பொறுத்து ஒரே எஞ்சின் ஒரு காரில் துள்ளும், இன்னொன்றில் அடங்கி நிற்கும். ஒரே அடிப்படை, டர்போ மாற்றத்தால் 75 குதிரைத்திறனிலும் கிடைத்தது, 90 குதிரைத்திறனிலும் கிடைத்தது. 'மாருதி டீசல் நல்லது, ஃபியட் டீசல் செலவு வைக்கும்' என்று அந்நாட்களில் அடித்துப் பேசியவர்கள் உண்மையில் எடைபோட்டது எஞ்சினை அல்ல. சர்வீஸ் சென்டர்களின் எண்ணிக்கையையும் உதிரிபாகம் கிடைக்கும் வேகத்தையும்தான். வாங்குகிறவருக்கு இவையும் முக்கியம். ஆனால் அந்தத் தீர்ப்பில் ஃபியட் பொறியாளர்களுக்கு நியாயம் கிடைக்கவில்லை.

முடிவும் சட்டத்தின் வழியாகவே வந்தது. 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாடும் நீங்கியது. 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ். 6 மாசு விதி. சிறிய டீசல் எஞ்சினை அந்த விதிக்குள் கொண்டுவர ஆகும் செலவைச் சிறிய காரின் விலை தாங்காது. எனவே 2020 ஏப்ரலோடு டீசல் கார்களை நிறுத்தப்போவதாக மாருதி 2019-லேயே அறிவித்துவிட்டது. ராஞ்சன்காவ் ஆலை 1956 சி.சி. பெரிய மல்ட்டிஜெட்டோடு தொடர்ந்தது. ஜீப் காம்பஸ், டாடா ஹாரியர், எம்.ஜி. ஹெக்டர் என மீண்டும் மூன்று போட்டியாளர்கள் ஒரே எஞ்சினைச் சுற்றி நின்றார்கள். போலந்தின் பியெல்ஸ்கோ-பியாவா ஆலையை மூடும் முடிவை ஃபியட்டின் இன்றைய உரிமையாளரான ஸ்டெல்லான்டிஸ் 2024-ல் அறிவித்தது.

இது ஃபியட்டின் தனிக்கதை என்று ஒதுக்கிவிட முடியாது. விமான எஞ்சின் செய்து மியூனிக்கில் தொழில் தொடங்கிய நிறுவனம் பி.எம்.டபிள்யூ. அந்த மியூனிக் ஆலையில் 2023 நவம்பரில் கடைசி எரிபொருள் எஞ்சின், ஒரு வி8, செய்து முடிக்கப்பட்டது. மின்சாரக் கார்களுக்கு இடம் வேண்டியிருந்ததால் எஞ்சின் வேலை ஆஸ்திரியாவின் ஸ்டையர் நகரத்துக்கும் இங்கிலாந்தின் ஹேம்ஸ் ஹாலுக்கும் போய்விட்டது. ஸ்டையரில் மட்டும் ஆண்டுக்கு 10 லட்சத்துக்கும் மேற்பட்ட எஞ்சின்கள் செய்யப்படுகின்றன. 2001-ல் அதே நிறுவனம் புதுப்பித்து விற்ற 'மினி' கார், ஆக்ஸ்ஃபோர்டில் உருவானாலும், அதன் பெட்ரோல் எஞ்சின் பிரேசிலின் காம்ப்போ லார்கோவிலிருந்து கப்பலில் வந்தது.

செங்கல்பட்டு மாவட்டத்துக்கும் இந்த வரைபடத்தில் இடம் உண்டு. மகிந்திரா வேர்ல்டு சிட்டியில் 2007 முதல் பி.எம்.டபிள்யூ. கார்கள் பூட்டப்படுகின்றன. 2011 பட்ஜெட்டுக்குப் பிறகு, இறக்குமதியாகும் கார் பாகங்களின் தொகுப்பில் எஞ்சினோ கியர்பாக்ஸோ முன்கூட்டியே பூட்டப்பட்டு வந்தால் 30 சதவீதச் சுங்க வரி, பிரித்து வந்தால் 10 சதவீதம் என்று விதி வந்தது. 2015-ல் ஃபோர்ஸ் மோட்டார்ஸ் நிறுவனம் பி.எம்.டபிள்யூ.வுக்காக அங்கேயே எஞ்சின்களையும் கியர்பாக்ஸ்களையும் பூட்டும் ஆலையைத் திறந்தது. டெம்போ, டிராவலர் வண்டிகளுக்குப் பெயர்போன புணே நிறுவனம் அது. ஆனால் இதையும் மானேசரையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. மானேசரில் உலோகத்தைக் கடைந்து எஞ்சின் செய்தார்கள். மகிந்திரா வேர்ல்டு சிட்டியில் நடப்பது வெளியிலிருந்து வரும் பாகங்களைப் பூட்டும் வேலை. இரண்டையும் 'இந்தியாவில் தயாரான எஞ்சின்' என்று ஒரே பெயரால் அழைக்கும் விளம்பரங்களைப் படிக்கும்போது இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

அங்கிருந்து சற்றுத் தள்ளி, மறைமலை நகரில் ஃபோர்டு ஆலை இருக்கிறது. 2010-ல் அங்கே ஆண்டுக்கு இரண்டரை லட்சம் எஞ்சின் செய்யும் வசதி வந்தது. ஃபிகோ டீசலுக்குள் இருந்த 1.4 லிட்டர் எஞ்சின் ஃபோர்டும் பெஜோ குழுமமும் சேர்ந்து உருவாக்கியது. 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக ஃபோர்டு அறிவித்து, அடுத்த ஆண்டு மறைமலை நகரில் கடைசிக் கார் வெளியேறியபோது ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் வேலை இழந்தார்கள். குஜராத்தின் சாணந்தில் இருந்த ஃபோர்டின் கார் ஆலையை டாடா வாங்கிக்கொண்டது. எஞ்சின் பகுதியை மட்டும் ஃபோர்டு விடவில்லை. அங்கே கார் போன பிறகும் ஏற்றுமதிக்கான எஞ்சின் தொடர்ந்தது. 2025 அக்டோபர் இறுதியில் மறைமலை நகர் ஆலையைப் பற்றியும் அறிவிப்பு வந்தது. ஃபோர்டு அங்கே மீண்டும் காலடி வைக்கிறது. முதலீடு 3,250 கோடி ரூபாய். ஆண்டுக்கு 2,35,000 எஞ்சின்கள். உற்பத்தி 2029-ல் தொடங்கும். கார்கள் இல்லை, எஞ்சின் மட்டும், அதுவும் ஏற்றுமதிக்கு. அவை எந்த நாட்டுக்கு, எந்த வண்டிக்குப் போகும் என்பதை உற்பத்தி நெருங்கும்போது தெரிவிப்பதாக நிறுவனம் கூறியிருக்கிறது.